வெள்ளித் தகடு

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தொன்று.

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. ஆளவந்தார் ஓவியக் கல்லூரியில் பேராசிரியர். முப்பிடாதி அவருடைய வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தூத்துக்குடிப் பெண். அவளைப் பற்றி அவருக்கு அதற்கு மேல் எதுவும் நினைவில் இல்லை.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். அவள் பெயர் பெற்றாள்.

சென்னையில் அவளுடைய கண்காட்சி நடந்தபோது அவர் போயிருந்தார். படங்களில் மனிதர் இல்லை, மரம் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. நிறத்தின் மேல் ஒரு நிறம், அதன் மேல் இன்னொன்று. அவ்வளவுதான். ஆனால் வெற்றிலையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே ஒரு வெளிச்சம் தெரியுமே, அப்படி ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இதே கூடத்தில் அவருடைய கண்காட்சியும் நடந்ததுண்டு. அன்றைக்கு வந்தவர்கள் மின்விசிறிக்கு சுவிட்ச் எங்கே என்று கேட்டார்கள்.

ஒரு பத்திரிகைக்காரப் பெண் அவரிடம் வந்தாள்.

"இவங்க உங்க ஸ்டூடன்ட்டாமே சார்? இந்த வெளிச்சமெல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததா?"

"ஆமா" என்றார்.

மறுநாள் அது அச்சில் வந்தது. உறவுக்காரர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னவருக்கு, அந்த வெளிச்சம் எப்படி வருகிறது என்றே தெரியவில்லை. கடைசி வரிசையில் இருந்தவளுக்கு வந்தது, முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவருக்கு ஏன் வரவில்லை? சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயில் ஏறினார்.

ஊருக்குத் தெற்கே உப்பளங்களின் ஓரத்தில் இருந்தது அவள் வீடு. சித்திரை வெயில். பாத்திகளில் விளைந்த உப்பு கண்ணைக் கூசச் செய்தது.

முப்பிடாதி வாசலுக்கு வந்தாள்.

"சார்! நீங்களா? ஏன் வெயில்ல நிக்கீங்க? உள்ள வாங்க."

"கத்துக்க வந்திருக்கேன்."

"யாருகிட்ட?"

"உன்கிட்ட."

அவள் அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்தது.

"சரி சார். கைகால் கழுவிட்டு வாங்க. சாப்பிடுவோம்."

சாப்பாட்டிலேயே அவர் கேட்டுவிட்டார்.

"அந்த வெளிச்சம் எப்படி வருது?"

"பாத்துக்கிட்டே இருங்க சார்" என்றாள் அவள். குழம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பார்த்தார். உள்ளறையில் ஒரு பெரிய கேன்வாஸ் நின்றது. ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக அவள் வரைந்துகொண்டிருந்த படம். அறுவை முடிந்தவர்களுக்குக் கட்டு அவிழ்க்கும் அறையில் மாட்டுவதற்கு. கட்டு அவிழ்ந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அவள் குங்கிலியப் பிசின் கரைத்த டர்பன்டைன் எண்ணெயில் ஒரு பொட்டு மஞ்சளைத் தொட்டாள். அகலத் தூரிகையால் கேன்வாஸின் குறுக்கே ஒரு முறை இழுத்தாள். தடவியதற்கும் தடவாததற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் தூரிகையைக் கழுவி வைத்தாள்.

"அவ்வளவுதானா?"

"இன்னைக்கு அவ்வளவுதான். காயணும்."

மறைக்கிறாள் என்று நினைத்தார்.

நினைத்தது வளர்ந்தது. அவள் குளிக்கப் போன நேரத்தில் குப்பிகளைத் திறந்து முகர்ந்தார். வண்ணக் குழாய்களில் எழுதியிருந்ததைப் படித்தார். எல்லாம் கடையில் கிடைப்பவை. அதே குழாய்களை டவுனில் வாங்கிவந்து வெளியறையில் தனக்கென்று ஒரு கேன்வாஸை நிறுத்தினார். நிறத்தின் மேல் நிறம் வைத்தார். அது வாய்க்கால் தண்ணீர் மாதிரி கலங்கியது.

முப்பிடாதி வந்து பக்கத்தில் நின்றாள்.

"வெள்ளை கலக்கீங்களா சார்?"

"கொஞ்சம்."

"எதுக்கு?"

"இல்லேன்னா நான் போட்டது தெரிய மாட்டேங்குதே."

"தெரியாட்டி என்ன? வெள்ளை வேண்டாம் சார். அது உள்ளே போற வெளிச்சத்தைத் தடுத்துரும்."

"முப்பிடாதி, நான் உனக்கு வாத்தியார்."

"ஆமா சார்" என்றாள். அதில் கேலி இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

அவள் போனதும் அவர் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெள்ளை கலந்தார்.

ஒரு காலையில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். பெயர் ரெஜினா. படம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க வந்தவர், உள்ளறையில் அதன் முன்னால் நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டார். வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் நின்றார். பிறகு முப்பிடாதியின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார்.

வெளியறை வழியாகத் திரும்பும்போது ஆளவந்தாரின் படம் குறுக்கே இருந்தது. டாக்டரம்மா நல்ல மனுஷி.

"இதுவும் நல்லா இருக்கு" என்றார்.

அந்த 'உம்' போதும். அன்று மத்தியானம் வரைக்கும் அது அவர் காதுக்குள் கிடந்தது.

முப்பிடாதி சட்டம் செய்கிற ஆசாரியைப் பார்க்க டவுனுக்குக் கிளம்பினாள்.

"சோறு மூடி வச்சிருக்கேன் சார். சாப்பிட்டுப் படுங்க."

பஸ் போகிற சத்தம் கேட்டது. அவர் சாப்பிடவில்லை. உள்ளறைக்குப் போனார்.

மேற்கு ஜன்னல் வழியாக உப்பளத்து வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. படம் அதைக் குடித்துவிட்டுத் திருப்பித் தந்தது. மேலே நீலம். நீலத்துக்குள் ஒரு சிவப்பு. சிவப்புக்கும் அப்பால், எங்கேயோ, ஒரு மஞ்சள். வெறும் வண்ணம் இப்படி இருக்காது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. அடியில் ஏதோ வைத்திருக்கிறாள். வெள்ளித் தகடு. இல்லாவிட்டால் மினுங்குகிற அபிரகப் பொடி. அதை வைத்துவிட்டு, 'பாத்துக்கிட்டே இருங்க' என்கிறாள்.

ஒரு மூலையில், சட்டத்துக்குள் மறைந்துவிடுகிற இடத்தில், கொஞ்சம் பார்த்தால் என்ன?

துணியை டர்பன்டைனில் நனைத்து ஓரத்தில் தேய்த்தார். நீலம் வந்தது. இன்னும் தேய்த்தார். சிவப்பு வந்தது. பிறகு மஞ்சள், அதன் கீழே இன்னொரு மஞ்சள். அதற்கும் கீழே வெள்ளை. சாதாரண வெள்ளை. எல்லாரும் கேன்வாஸுக்கு முதலில் பூசுகிற பூச்சு.

ஓரத்தில் இருக்காது, நடுவில்தான் வைத்திருப்பாள் என்று நினைத்தார்.

நடுவிலும் வெள்ளைதான் இருந்தது. அதற்குப் பக்கத்திலும். அதற்கு மேலேயும். எப்போது தேடுவதை விட்டுவிட்டு வெறுமனே தேய்க்க ஆரம்பித்தார் என்பது அவருக்கே தெரியாது. கை வலித்தபோது நிறுத்தினார். விலகி நின்று பார்த்தார். பாதிப் படம் இல்லை.

கையிலிருந்த துணியைப் பார்த்தார். எல்லா நிறங்களும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. வெளியறையில் இருந்த அவருடைய படத்தின் நிறம்.

அவள் வரும்போது அவர் அந்தத் துணியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒளித்துவைக்கத் தோன்றவில்லை.

முப்பிடாதி வாசலிலேயே நின்றாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள். படத்தின் அருகே போய், வெளுத்துப்போன இடத்தை விரல் நுனியால் தொட்டாள்.

"என்ன தேடுனீங்க சார்?"

"வெள்ளித் தகடு."

"கிடைச்சுதா?"

"இல்லை."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பு எரியவில்லை.

விடிந்ததும் அவர் பையைக் கட்டினார். அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"எந்த முகத்தோட இங்க இருக்கிறது?"

"நேத்து உங்களை அடிக்கணும்னு இருந்துச்சு சார். நிஜமாவே. அதான் கதவைச் சாத்துனேன்."

"அடிச்சிருக்கலாம்."

"அடிச்சா படம் திரும்பி வந்துருமா?" அவள் கூந்தலை அள்ளி முடிந்தாள். "ஆஸ்பத்திரிக்கு ராத்திரியே போன் பண்ணியாச்சு. ஆடி கழிச்சுத்தான் தர முடியும்னு சொல்லிட்டேன்."

"நான் செஞ்சதைச் சொன்னியா?"

"காயலைன்னு சொன்னேன்."

அவர் தலை குனிந்தார்.

"பையைக் கீழ வைங்க. யாரு எடுத்தாங்களோ அவங்கதான் திருப்பி வைக்கணும். எந்த நிறத்துக்குக் கீழே எந்த நிறம்னு இப்ப என்னை விட உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்?"

அவள் தூரிகையை நீட்டினாள். அவர் கை அதை வாங்கத் தயங்கியது. அவள் நீட்டிக்கொண்டே நின்றாள்.

முதல் மஞ்சளைத் தடவினார்.

"கூடிப்போச்சு. துடைங்க."

துடைத்தார். மறுபடியும் தடவினார்.

"இப்பவும் கூடத்தான். துடைங்க."

துடைத்தார்.

"அழுத்தாதீங்க சார். தூரிகை போறது கேன்வாஸுக்கே தெரியக் கூடாது."

அன்று மாலை வரை அதுதான் நடந்தது. கடைசியில் அவர் எரிச்சலோடு சொன்னார்.

"ஒண்ணுமே தெரியலை."

"அப்ப சரி. இருக்கட்டும்."

காய்வதற்குக் காத்திருந்தார்கள். அவருக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. தூரிகை பிடிக்காத நேரத்தில் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் டீ போட்டுத் தந்தாள். இரண்டு பேரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, உப்பு வாருகிறவர்களைப் பார்த்தார்கள். முதல் நாட்களில் அவள் அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. டீயை வைக்கும்போது டம்ளர் சத்தம் போட்டது. பிறகு சத்தம் குறைந்தது.

இரண்டாவது மஞ்சளும் தெரியவில்லை. சிவப்பும், தடவிய அன்று, இல்லாத மாதிரிதான் இருந்தது. ஒரு முறை அவசரப்பட்டு அழுத்திவிட்டார். கீழே இருந்தது கலைந்து எல்லாம் சேறாயிற்று. மறுபடியும் வெள்ளையிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள் திட்டவில்லை. அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டார், அவளுக்குக் கேட்கிற மாதிரி.

"மெதுவாத் திட்டுங்க சார். படத்துக்குக் கேக்கும்" என்றாள்.

ஆடி பிறந்தது. காற்று மாறியது. ஒரு காலையில் டீ டம்ளரோடு உள்ளறைக்குள் நுழைந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

நீலத்துக்குள் சிவப்பு இருந்தது. சிவப்புக்கு அப்பால், எங்கேயோ, ஒரு மஞ்சள் இருந்தது. அவர் ஒருநாளும் கண்ணால் பார்க்காத மஞ்சள், அவர் கையால் தடவிய மஞ்சள், இப்போது வந்து நின்றது.

கிட்டே போனார். எங்கே அவளுடையது முடிந்து தன்னுடையது தொடங்குகிறது என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை.

நெஞ்சு நிறைந்தது. டம்ளரிலிருந்த டீ ஆறிப்போகிற வரைக்கும் அது நிறைந்தே இருந்தது. பிறகு பழைய எண்ணம் வந்து உட்கார்ந்தது.

பாதி நான் வரைந்தது. அந்த டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. கட்டு அவிழ்த்துக் கண்ணைத் திறக்கிற எவனுக்கும் தெரியப்போவதில்லை. எல்லாரும் முப்பிடாதி என்றுதான் சொல்வார்கள்.

தன்னையே பார்த்து அவருக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும், அது போகவில்லை.

முப்பிடாதி பின்னால் வந்து நின்றாள். படத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"முடிஞ்சிட்டு சார்" என்றாள். கீழ் மூலையில் பெயர் எழுதுவதற்கு மெல்லிய தூரிகையை எடுத்தாள். எழுதவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பேரையும் போடட்டுமா?"

"வேண்டாம்."

"நிஜமாவா?"

அவர் கண் அந்த மூலையிலேயே நின்றது. அவள் சிரித்தாள். அவர் செய்த காரியத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். தூரிகையை மேஜை மேல் வைத்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அவரும் எதிரே உட்கார்ந்தார்.

"முப்பிடாதி."

"சொல்லுங்க சார்."

"நான் கத்துக்க வரலை."

"தெரியும்."

"உன் மேல பொறாமை. அது தாங்காமத்தான் வந்தேன். படத்தை அழிச்சேன். நீ துரத்தாம வச்சுக்கிட்டே. சோறு போட்டே. கையைப் பிடிக்காத குறையா சொல்லிக்கொடுத்தே. இவ்வளவுக்கு அப்புறமும் அது இருக்கு. இப்ப, இந்த நிமிஷம்கூட இருக்கு. படத்தைப் பாத்து ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட என்னால சும்மா சந்தோஷப்பட முடியலை." அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். "இது எப்படிப் போகும்?"

வெளியே ஆடிக் காற்று உப்புக் குவியல்களின் மேல் மூடியிருந்த ஓலைகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டாம் வருஷத்துல ஒருநாள் நீங்க போர்டுல குதிரை வரைஞ்சீங்க" என்றாள்.

"குதிரையா?"

"வால்ல ஆரம்பிச்சீங்க. முதுகு, கழுத்து, காது, மூக்கு, நெஞ்சு, நாலு கால். திரும்பவும் வால்ல வந்து நின்னுச்சு. சாக்பீஸை எடுக்கவே இல்லை. யாருகிட்டயோ பேசிக்கிட்டே வரைஞ்சீங்க. வரைஞ்சிட்டுத் திரும்பிப் பாக்கவும் இல்லை. அழிச்சிட்டீங்க."

"அது சும்மா, பசங்களுக்குக் காட்டுறதுக்கு..."

"ஆமா. உங்களுக்குச் சும்மா. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹாஸ்டல்ல உக்காந்து நானும் இழுத்துப் பாத்தேன். கோடு நடுங்குச்சு. கழுத்துகிட்ட வரும்போதெல்லாம் உடைஞ்சுச்சு. நோட்டு நோட்டாப் போட்டேன், வரலை. உங்க கையைப் பாத்தாலே ஆத்திரம் வரும். அந்தக் கை ஏன் எனக்கு இல்லைன்னு இருக்கும். வராத கோட்டை யாரும் பாத்துரக் கூடாதுன்னு ஈரத் துணியால துடைச்சேன். கறை நின்னுச்சு. கறையை மறைக்க மஞ்சளைக் கரைச்சு ஊத்துனேன். அப்பவும் தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல சிவப்பு. அதுக்கு மேல நீலம். பேப்பர் ஊறிப்போச்சு. கிழிச்சுப் போடலாம்னு ஜன்னல்கிட்ட தூக்கிப் பிடிச்சேன்."

அவள் இரண்டு கையையும் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

"பிடிச்சா?"

"உள்ள இருந்து வெளிச்சம் வந்துச்சு."

ஆளவந்தார் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல்களில் நீலம் ஒட்டியிருந்தது.

"என் மேலயா உனக்குப் பொறாமை?" என்று கேட்டார்.

"உங்க மேலதான்."

"அது எப்போ போச்சு?"

முப்பிடாதி எழுந்து, மேஜை மேல் வைத்த தூரிகையைக் கையில் எடுத்தாள்.

"போகலை சார். அது மேலதான் தடவிக்கிட்டு இருக்கேன்."